நீல டிக்

உங்கள் விசாரணை அறை மின்விசிறி ஆடுகிறது. பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. மேலே கொக்கியில் இருக்கும் போல்ட் ஒரு சுற்று தளர்ந்திருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறினால் கால் நிமிட வேலை. பதினோரு வருடம் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்துவிட்டு, அடுத்த பதினோரு வருடம் பிட்டர்களுக்கான மென்பொருள் கம்பெனியில் உட்கார்ந்தவன் நான். எந்த அறைக்குள் போனாலும் முதலில் எது ஆடுகிறது என்றுதான் கண் தேடும். பழக்கதோஷம்.

நீங்கள் கேட்டபடி ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். அந்தப் பெண் அவசரப்பட்டு டைப் செய்ய வேண்டாம், நான் நிதானமாகத்தான் பேசுவேன். இறந்துபோன பாய்லர் ஆபரேட்டர் என் அக்காவின் கணவர். மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ளே என்பார். சாவதற்கு முன் ஏழு வாரமாக அவர் எழுதிய குறிப்புகள் எங்கே போயின என்பது உங்கள் கேள்வி. எங்கேயும் போகவில்லை. நாற்பத்தொன்றும் பத்திரமாக இருக்கின்றன. நான் ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் மென்பொருள் செய்வது எளிய வேலை. எந்த மெஷினுக்கு எப்போது எண்ணெய் விட வேண்டும், எந்த பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும், எந்த வால்வை யார் சோதிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு அந்தந்த ஆளின் போனுக்கு அனுப்பும். அவர் 'முடிந்தது' என்று அழுத்தினால் பச்சை. 'முடியவில்லை' என்று அழுத்தினால் சிவப்பு. கீழே 'குறிப்பு' என்று ஒரு பெட்டி. அவ்வளவுதான். இதைத்தான் முதலாளிகள் மாறி மாறி வாங்கி, ஒவ்வொரு முறையும் உலகத்தையே புரட்டிப் போடப்போவதாக மேடை போட்டுச் சொன்னார்கள்.

இதை உருவாக்கிய முதல் முதலாளி ஒரு பழைய இன்ஜினியர். சட்டைப் பையில் எந்நேரமும் சின்ன டார்ச் வைத்திருப்பார் என்பதால் டார்ச் சார். என்னைத் தொழிற்சாலையிலிருந்து கூட்டி வந்தவரும் அவரே. அவருக்கு ஒரு விஷயம் தெரியும். ஸ்பேனர் பிடித்த எல்லோருக்கும் தெரியும், ஆனால் எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது. சிவப்புப் பட்டனை யாரும் அழுத்த மாட்டார்கள். அழுத்தினால் மெஷின் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார், மேனேஜர் கத்துவார், சாயங்காலம் வரை விளக்கம் எழுதிக் கை ஓயும். அதனால் எல்லோரும் பச்சையை அழுத்திவிட்டுக் குறிப்பில் உண்மையை எழுதுவார்கள். மேலே 'முடிந்தது' என்று இருக்கும். கீழே 'முடியல, பேரிங் சத்தம் போடுது, கழட்டிப் பாரு' என்று இருக்கும். அடுத்த ஷிஃப்ட் மெக்கானிக் அதைப் படித்து, காதும் காதும் வைத்த மாதிரி சரி செய்துவிட்டுப் போவார். மேனேஜருக்குப் பச்சை கிடைக்கும், மெஷினுக்குப் புது பேரிங் கிடைக்கும்.

டார்ச் சார் இதைத் திருத்தப் பார்க்கவில்லை.

"பட்டன்ல பொய் சொல்லுவான்யா, குறிப்புல சொல்ல மாட்டான். ஏன்னா அதைப் படிக்கிறது அவன மாதிரி இன்னொருத்தன். நாம குறிப்பைக் கெட்டியாப் புடிச்சுக்குவோம்," என்றார்.

முந்தைய ஷிஃப்ட்காரர் எழுதிய குறிப்பைத் திறந்து படித்தால்தான் அடுத்தவருக்கு வேலைப் பட்டியலே திறக்கும் என்று அமைத்தார். அந்த மென்பொருள் முழுவதிலும் மூளையோடு செய்த காரியம் அது ஒன்றுதான். பின்னால் நான் எடுத்துவிட்டது அதைத்தான்.

அவருக்கு வயதானது, விற்றார். வாங்கியவர்கள் முதலீட்டுக்காரர்கள். வந்த முதல் வாரமே சுவருக்கு வேறு வண்ணம், எங்களுக்கு வேறு காபிக் கோப்பை, கம்பெனிக்கு வேறு சின்னம். மூன்று வருடத்தில் அவர்கள் தங்களைவிடப் பெரிய முதலீட்டுக்காரர்களுக்குப் பெரும் பங்கை விற்றார்கள். மறுபடியும் சுவர், கோப்பை, சின்னம். டார்ச் சாரை ஆலோசகர் என்றார்கள், பிறகு கௌரவ ஆலோசகர் என்றார்கள், பிறகு வாசலில் அவருடைய அடையாள அட்டை வேலை செய்யவில்லை. இதற்கிடையில் எங்கள் அலுவலக லிஃப்ட் மூன்றாம் மாடியில் ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் நான்காம் மாடிக்குப் போகும். பராமரிப்பு மென்பொருள் விற்கும் கம்பெனியின் லிஃப்ட் அது. அதை எங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று எந்த முதலாளிக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறைத் தலைவர் ஆக்கினார்கள். சிரிக்காதீர்கள், கார்டில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அந்த மாடியில் கையில் கிரீஸ் பட்டவன் நான் ஒருவன்தான். வெளியாட்கள் வந்தால் என்னைக் கூப்பிட்டு, இவர் களத்திலிருந்து வந்தவர் என்று தோளில் கை போட்டுக் காட்டுவார்கள். எனக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது. பதினோரு வருடம் "ஏய், இங்க வா" என்று மட்டுமே கூப்பிடப்பட்டவனுக்குத்தான் அந்தக் கையின் சூடு தெரியும்.

இப்போது ஸ்லைடுக்கு வருவோம். முதலீட்டுக்காரர்கள் சார்பில் எங்கள் மாடியில் உட்கார்ந்திருந்த இளைஞர் அவர், முப்பது வயது இருக்கும். திரையில் ஸ்லைடு ஓடாமல் அவரால் குட் மார்னிங்கூடச் சொல்ல முடியாது, அதனால் அந்தப் பட்டப்பெயர். ஒரு நாள் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கம்பெனியை மூன்றாம் முறை விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஓர் எண் இருந்தது: எங்கள் மென்பொருளில் நூறு வேலை கொடுத்தால் தொண்ணூற்றாறு முடிகிறது. ஆனால் அவர்கள் குறிப்புகளையும் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. படித்துச் சொல்லுங்கள் என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். அந்தத் தொண்ணூற்றாறில் முப்பத்தெட்டு வேலைகள் முடியவே இல்லை என்று முடித்தவர்களே கைப்பட எழுதியிருந்தார்கள்.

"அப்ப நம்ம நம்பர் ஐம்பத்தெட்டா சார்?" என்றார். ஏசி அறையில் அவருக்கு வியர்த்ததை அன்றுதான் பார்த்தேன். "இப்ப என்ன சார் பண்றது?"

உங்கள் கோப்பில் அவர் எனக்கு உத்தரவிட்டதாக இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு யோசனை கிடையாது. யோசனை என்னுடையது, பழியை இன்னொருவர் தலையில் கட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

"அழிக்க வேணாம் தம்பி. இடத்தை மட்டும் மாத்துவோம்," என்றேன்.

'குறிப்பு' என்ற பெயரை எடுத்துவிட்டு 'உங்கள் குரல்' என்று வைத்தோம். இனி அது அடுத்த ஷிஃப்ட்காரருக்குப் போகாது, நேராக எங்கள் தலைமை அலுவலகத்துக்கு வரும். வேலைப் பட்டியல் எந்தக் குறிப்பையும் திறக்காமலே திறக்கும். தொழிலாளிகளின் குரல் இடையில் யாரும் இல்லாமல் எங்கள் காதுக்கே வருகிறது என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தோம். மேனேஜர்கள் கை தட்டினார்கள். ஷிஃப்டுக்கு நான்கு நிமிடம் மிச்சம் என்று ஒருவர் பாராட்டி எழுதினார். குரல் வந்த பிறகு நீங்கள் அதை என்ன செய்வீர்கள் என்று ஒரே ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன்.

குறிப்புகள் இப்படி வாங்க வருகிறவர்கள் பார்க்காத வேறு திரைக்குப் போனதால், எண் தொண்ணூற்றாறிலேயே நின்றது. ஆனால் முதல் இரண்டு வாரத்தில் குரல் குறைந்துவிட்டது. தொழிலாளி முட்டாள் இல்லை, கிணற்றில் கல் போட்டால் சத்தம் வருகிறதா என்று பார்ப்பான். அப்போதுதான் நீல டிக் போட்டேன். அதுவும் என் யோசனைதான். எழுதியதை அலுவலகத்தில் யாராவது திறந்ததும் எழுதியவரின் போனில் ஒரு சின்ன நீல டிக் விழும். படித்தாயிற்று என்று அர்த்தம். அது வந்ததும் எல்லோரும் மறுபடி எழுத ஆரம்பித்தார்கள், முன்னைவிட நீளமாக, முன்னைவிட மரியாதையாக. ஸ்லைடு அதற்கும் ஒரு ஸ்லைடு போட்டார்: பயனர் ஈடுபாடு மும்மடங்கு.

யார் படித்தார்கள் என்கிறீர்களா? யாரும் படிக்கவில்லை. ஒரு நாளைக்கு நான்காயிரம் குரல் வரும், என் துறையில் மூன்று பேர். மென்பொருளே ஆறு மணி நேரம் கழித்துத் தானாக டிக் போட்டுக்கொள்ளும். உடனே போட்டால் சந்தேகம் வரும், ஆறு மணி நேரம் என்றால் பொறுப்பாகப் படித்த மாதிரி இருக்கும்.

மாமாவுடையதை மட்டும் நானே படித்து நானே டிக் போட்டேன். சொந்தக்காரர் இல்லையா.

அவர் வேலை பார்த்த இடத்தில் பகலில் மட்டும்தான் பாய்லர் ஓடும். காலையில் மாமா பற்ற வைப்பார், நான்கு மணிக்கு அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் அது ஆறிய பிறகு ஐந்து மணிக்கு வருவார்கள். இருவரும் முகம் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு நடுவில் இருந்ததெல்லாம் குறிப்புப் பெட்டி ஒன்றுதான். தினமும் காலையில் மாமா செய்ய வேண்டிய முதல் வேலை பாதுகாப்பு வால்வைச் சோதிப்பது. உள்ளே அழுத்தம் அளவு மீறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடுகிற வால்வு அது. பக்கத்தில் உள்ள லிவரைத் தூக்கினால் அது திறக்க வேண்டும். விபத்துக்கு ஏழு வாரம் முன் ஒரு திங்கட்கிழமை லிவர் அசையவில்லை, அது திறக்கவில்லை. மாமா எல்லோரையும் போலப் பச்சையை அழுத்திவிட்டு எழுதினார்: 'வால்வு இறுகிப் போச்சு, லிவர் தூக்கல. சாயங்காலம் பசங்க கழட்டிப் பாக்கணும்.'

படித்தேன். டிக் போட்டேன். பசங்களுக்கு அது போகவில்லை. அவர்கள் பட்டியலில் பாய்லர் பச்சையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். வாரா வாரம் போவேன், எனக்கென்று குடும்பம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் மாப்ளே, நாங்க எழுதுறத நிஜமாவே யாராச்சும் படிக்கிறாங்களா? இல்ல சும்மா டிக் வருதா?"

"நானே படிக்கிறேன் மாமா. உங்க வால்வு மேட்டர்கூடப் பாத்தேன்."

"பாத்தியா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஏய், கேட்டியாடி? உன் தம்பியே படிக்கிறானாம்!"

அக்கா எனக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள். கவனியுங்கள், ஆள் அனுப்புகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. படிக்கிறேன் என்று மட்டும்தான் சொன்னேன். அது உண்மை.

மறுநாளிலிருந்து அவர் எனக்கே எழுத ஆரம்பித்தார். மாப்ளே என்று தொடங்குவார். 'மாப்ளே, இன்னிக்கும் தூக்கல.' 'மாப்ளே, சுத்தியலால தட்டிப் பாத்தேன், அசையல.' 'மாப்ளே, சூப்பர்வைசர்கிட்ட வாயாலயும் சொன்னேன். ஸ்க்ரீன்ல பச்சையா இருக்கே, நீங்கதானே அழுத்துனீங்கங்குறாரு. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?' வாரத்துக்கு ஆறு நாள், நடுவில் ஒரு நாள் மட்டும் காய்ச்சல் என்று லீவு. தவறாமல் எழுதுவார். இப்படி ஒரு பயனர் கிடைப்பது எங்கள் தொழிலில் அபூர்வம்.

ஏன் தொழிற்சாலைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாங்க வந்தவர்கள் எட்டு வாரம் எங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரில் காட்ட ஒரு மாதிரித் தொழிற்சாலை கேட்டார்கள். இருப்பதிலேயே பச்சையான இடம் மாமாவுடையதுதான். அங்கே கூப்பிட்டு வால்வைப் பாருங்கள் என்றால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். குறிப்பு என்றால், எங்கே அது, எங்களுக்கு ஏன் வரவில்லை என்பார்கள். ஒரு நூலை இழுத்தால் மொத்தச் சட்டையும் பிரிந்துவிடும். எட்டு வாரம் பொறுத்தால் கையெழுத்தாகிவிடும், அதன் பிறகு எல்லாவற்றையும் அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். மின்னஞ்சல்கூட எழுதி வைத்திருந்தேன். என் கணினியில் வரைவில் கிடக்கிறது, பாருங்கள். நல்ல மின்னஞ்சல்.

வால்வு தூக்கவில்லை என்றால் என்ன நடக்கலாம் என்று எனக்குத் தெரியாது என்று என் வக்கீல் உங்களிடம் சொல்லியிருப்பார். பாவம், அவர் வேலையை அவர் பார்க்கிறார். பதினோரு வருடம் பிட்டராக இருந்தவன் நான். தெரியும்.

நான்காவது ஞாயிறு மாமா சரியாகச் சாப்பிடவில்லை.

"மாப்ளே, பேசாம ஒரு நாள் சிவப்பு அழுத்திடட்டுமா? ரிடையர் ஆக ரெண்டு வருசம் இருக்கு, மெமோ குடுத்தாக் குடுக்கட்டும். மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

வாங்க வந்தவர்கள் அந்தத் திரையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சிவப்பு விழுந்தால் எத்தனை பேர் உழைப்பு வீண் என்று யோசித்துப் பாருங்கள்.

"எதுக்கு மாமா வீண் வம்பு? அதான் நான் பாத்துக்கிட்டே இருக்கேன்ல," என்றேன்.

"அதான் தம்பி சொல்றான்ல," என்றாள் அக்கா. "நிம்மதியாச் சாப்புடுங்க."

அவர் சாப்பிட்டார்.

விபத்தைப் பற்றி உங்கள் நிபுணர்கள் என்னைவிட நன்றாக எழுதியிருப்பார்கள். அழுத்தம் ஏறினால் தீயை நிறுத்த வேண்டிய சுவிட்சும் அன்று பழுது. வால்வு ஒன்றே மிச்சம், அதுவும் திறக்கவில்லை. காலை ஒன்பது நாற்பது. கூரையும் ஒரு பக்கச் சுவரும் போயின. உள்ளே மாமா ஒருவர்தான் இருந்தார். புது முதலாளிகள் பெரிய மலர் வளையம் அனுப்பியிருந்தார்கள், புதுச் சின்னத்தோடு. அதுதான் அந்தச் சின்னம் வெளியுலகம் பார்த்த முதல் நாள்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். மாமாவின் போன் அவர் வீட்டிலிருந்து போட்டுப்போன சட்டைப் பையில் இருந்ததாம். பாய்லர் அறைக்குள் போகும்போது போட்டுக்கொள்ள வேறு சட்டை வைத்திருந்தார், போன் இந்தச் சட்டையோடு தொழிற்சாலை அலமாரியிலேயே தங்கி, பிறகு அக்கா கைக்கு வந்திருந்தது.

"டேய், அவரு போனுக்கு வேலை வந்திருக்குடா. வால்வு சோதனைன்னு போட்டிருக்கு. யாருடா அனுப்புறா?"

"அது தானா வரும்க்கா."

 மேலே தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"எல்லாத்துக்கும் கீழ நீலமா ஒரு டிக் இருக்கே, அது என்னது?"

"படிச்சாச்சுன்னு அர்த்தம்க்கா."

"யாரு படிச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் நான் பொய் சொன்னதில்லை. சொன்னேன். வைத்துவிட்டாள். அதன் பிறகு பேசவில்லை. அந்தப் போனை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான் என்று தெரியும். கோபம் இல்லை, ஆனால் வருத்தம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவதென்று தெரியவில்லை.

கடைசிக் கேள்வி கடைசிக் குறிப்பைப் பற்றியது. நாற்பத்தொன்றாவது. விபத்து நடந்த அன்று காலை எட்டு பத்துக்கு எழுதியது. மற்றவர்களுடையதற்குப் போல மென்பொருள் தானாக டிக் போட்டதா, நானே போட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். தானாகப் போட ஆறு மணி நேரம் ஆகும் என்றேனே. இது எட்டு பதினாலுக்கு விழுந்தது. நானேதான்.

அன்று கையெழுத்து நாள். நல்ல சட்டை போட்டு, சீக்கிரமே வந்து, லிஃப்டில் ஏறியிருந்தேன். அது வழக்கம்போல் மூன்றாம் மாடியில் நின்றது, அதனால் நிதானமாகப் படிக்க நேரம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். மனப்பாடமாகவே சொல்கிறேன், டைப் செய்யச் சொல்லுங்கள்: 'மாப்ளே, இன்னிக்கு மீட்டர் முள்ளும் ஒரு மாதிரி ஆடுது. பத்த வைக்கவே பயமா இருக்கு. உன் டிக் வந்தா நீ பாத்துட்டன்னு நம்பி ஓட்டுறேன். வரலன்னா சிவப்பு அழுத்திட்டு வீட்டுக்குப் போயிடுறேன். பதிலுக்கு நிக்கிறேன்.'

மேலே நாற்காலிகள் போட்டு, பேனாக்கள் வைத்து, எல்லோரும் அந்தப் பச்சைத் திரையைச் சுவரில் பெரிதாக ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே தொழிற்சாலையில் பாய்லர் அறை வாசலில் மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார் என்று எனக்குத் தெரியும். லிஃப்ட் நகர்ந்தது, டிக் போட்டேன். என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சரி, நான் ஒருவரையும் காக்க வைக்கிற ஆள் இல்லை.